எல்லை தாண்டும் லைசென்ஸ்: பில் யார் தலையில்?

தளவானூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த சத்ருமல்லேஸ்வரத்தைப் பார்க்க. உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியே போவது வேலைக்கு. ஜிஎன்எம், பி.எஸ்சி நர்சிங், எம்பிபிஎஸ் என எது படித்திருந்தாலும் இங்கிருந்து இரண்டு வழிதான். ஒன்று, விழுப்புரம் தாண்டி புதுச்சேரி. மற்றொன்று, செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக பெங்களூரு. இரண்டு வழியிலும் பஸ் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டும். அரசுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு அந்த பஸ்ஸுக்கு பெர்மிட் கொடுத்திருக்கின்றன. அதில் உட்கார்ந்திருக்கும் நர்ஸின் லைசென்ஸுக்கு அப்படி ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

ஒப்பந்தம் இல்லாத இடத்தில் செலவு ஆவியாகிப் போவதில்லை. மாநிலம் கட்ட வேண்டியதை நீங்கள் கட்டுகிறீர்கள், பணமாகவும் நாட்களாகவும். இதை முன்கூட்டியே தெரிந்து பேப்பரைத் தயாராக வைத்திருப்பவருக்கு ஆஃபர் போகும். இன்டர்வியூ முடிந்த பிறகு தேட ஆரம்பிப்பவர் காத்திருப்புப் பட்டியலில் நிற்பார்.

முதலில் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பிறகு செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம்.

மாநிலம் ஏன் தயங்குகிறது?

அமெரிக்காவில் நர்ஸ்களுக்கு 'நர்ஸ் லைசென்ஷர் காம்பாக்ட்' என்ற ஒப்பந்தம் இருக்கிறது. 2000-ல் தொடங்கியது. 2018 ஜனவரி 19 முதல் திருத்திய வடிவில் நடக்கிறது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. சொந்த மாநிலத்தில் ஒரு மல்ட்டிஸ்டேட் லைசென்ஸ் வாங்கினால், சேர்ந்திருக்கும் மற்ற மாநிலங்களிலும் வேலை பார்க்கலாம்.

இதற்கு ஒரு மாநிலம் கட்டும் சந்தா ஆண்டுக்கு 6,000 டாலர். நம் பணத்தில் சுமார் 5 லட்சம். ஒரு அரசுக்கு இது டீச் செலவு. கை கடிப்பது வேறு இடத்தில். வெளி மாநில நர்ஸ்கள் அதுவரை கட்டிவந்த லைசென்ஸ் கட்டணம் நின்றுவிடும். நர்சிங் போர்டுகள் பெரும்பாலும் அந்தக் கட்டணத்தில்தான் நடக்கின்றன. போதாததற்குப் புதுச் செலவுகள்: கைரேகை எடுத்து எஃப்பிஐ வரை பின்னணி சரிபார்க்கும் ஏற்பாடு, டேட்டாபேஸ் இணைப்பு, வெளி மாநில லைசென்ஸில் வந்தவர் மீது புகார் எழுந்தால் விசாரிக்க ஆள். அங்கே மாநிலச் சட்டசபைக்கு இதில் சேரும் மசோதா வந்தால், கூடவே வரவு செலவுக் குறிப்பு ஒன்றும் வருகிறது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்கள் இதில் சேராமலே இருக்கின்றன.

மருத்துவர்களுக்கான காம்பாக்ட் 2017-ல் வேலையை ஆரம்பித்தது. அதன் கணக்கு வேறு மாதிரி. விண்ணப்பிக்கும் மருத்துவர் 700 டாலர் கட்டுகிறார். அதில் 300 அவருடைய சொந்த மாநில போர்டுக்கு, 400 காம்பாக்ட் கமிஷனுக்கு. பிறகு எந்தெந்த மாநிலத்தில் லைசென்ஸ் வேண்டுமோ, அந்தந்த மாநிலக் கட்டணமும் தனியாக உண்டு. மாநிலத்தின் வருமானம் குறையவில்லை. பேப்பர் வேலை மட்டும் ஒரே இடத்தில் முடிந்து, நாட்கள் மிச்சமாகின்றன. பில் மொத்தமும் மருத்துவர் கையில்.

ஆக, நர்ஸ் ஒப்பந்தத்தில் மாநிலம் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறது. டாக்டர் ஒப்பந்தத்தில் காத்திருப்பை மட்டும் குறைக்கிறது. எந்த நாட்டில் எந்தத் திட்டம் வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: கட்டணம் குறைகிறதா, காத்திருப்பு மட்டும் குறைகிறதா? பதிலைப் பார்த்து உங்கள் பட்ஜெட்டைப் போடுங்கள்.

ஆஸ்திரேலியா மூன்றாவது வழியில் போனது. 2010 ஜூலை 1 முதல் தேசியப் பதிவு முறைக்கு மாறியது. மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் சில மாதம் கழித்து அக்டோபரில் சேர்ந்தது. இப்போது ஒரே பதிவில் நாடு முழுவதும் வேலை. அங்கேயும் அந்த அமைப்பை நடத்துவது பதிவு செய்தவர்கள் கட்டும் ஆண்டுக் கட்டணம்தான்.

நம் ஊர் நிலவரம்

டாக்டர்களுக்கு: தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் 1914-ன் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டத்தில் பிறந்தது. 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், மாநிலப் பதிவேட்டிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயர் இருப்பவருக்கே பிராக்டிஸ் உரிமை என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 மே மாதம் வந்த அந்த ஆணையத்தின் விதிமுறைகள் ஒவ்வொரு டாக்டருக்கும் தனி அடையாள எண், 5 ஆண்டு லைசென்ஸ், மாநிலம் விட்டு மாநிலம் லைசென்ஸை மாற்ற வழி என்று பேசின. 2024 ஆகஸ்ட் 23 அன்று தேசிய மருத்துவப் பதிவேட்டு போர்ட்டல் தொடங்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும், வேறு மாநிலத்தில் கிளினிக் போடப் போனால் அந்த மாநில கவுன்சிலின் படியை ஏற வேண்டியிருக்கிறது.

நர்ஸ்களுக்கு: இந்தியன் நர்சிங் கவுன்சில் (ஐஎன்சி) சட்டம் 1947-ஐச் சேர்ந்தது. நம் மாநில கவுன்சில் அதற்கும் மூத்தது. 1926 சட்டத்தின் வாரிசு. வேறு மாநிலத்தில் வேலை என்றால் நம் கவுன்சிலில் ஆட்சேபணையின்மைச் சான்றும் (என்ஓசி) வெரிஃபிகேஷனும், அங்கே 'ரெசிப்ரோகல் ரெஜிஸ்ட்ரேஷன்'. 2023 ஆகஸ்டில் தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டம் ஒப்புதல் பெற்றது. பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்து, தேசியப் பதிவேட்டை நடத்துவது அதன் நோக்கம். அது முழுதாக உங்கள் கைக்கு வரும் வரை பழைய க்யூவில்தான் நிற்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

1. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழும் இடம் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் ஒரு எழுத்து, ஆதாரில் பின்னால் அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு வரிசை, கல்யாணத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கில் கணவர் பெயர். உள்ளூர் ஆஸ்பத்திரியில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். வேறு மாநில கவுன்சிலில் கேட்பார்கள். வளைகுடா வேலைக்கு டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்பு செய்யும்போது ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிடுவார்கள். தேசிய மருத்துவப் பதிவேடும் ஆதாரோடு இணைந்தது.

செய்ய வேண்டியது: பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பொருந்த மாற்றுங்கள். பெயரையே மாற்ற வேண்டுமானால் அரசிதழில் வெளியிட்டு, அந்தப் பிரதியைக் கையில் வையுங்கள். ஆஃபர் வராத காலத்தில் செய்தால் இது சாதாரண வேலை. ஆஃபர் வந்த பிறகு செய்தால் வேலையே கை நழுவலாம்.

2. சொந்த கவுன்சிலில் பாக்கி வைக்காதீர்கள்

என்ஓசி கேட்டுப் போகும்போதுதான் பலருக்குத் தெரிய வரும், புதுப்பித்தல் காலம் கடந்துவிட்டது என்று. காலாவதியான பதிவுக்கு எந்த கவுன்சிலும் நற்சான்று தராது. நர்ஸ்கள் புதுப்பிக்க தொடர் நர்சிங் கல்வி (சிஎன்இ) மணிக்கணக்கைக் காட்ட வேண்டும். டாக்டர்களுக்கு 2002-ன் நெறிமுறை விதிகள் 5 ஆண்டில் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி (சிஎம்இ) என்கின்றன. ஒவ்வொரு வொர்க்‌ஷாப் சான்றிதழையும் அன்றே ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் போடுங்கள். கடைசி வாரத்தில் சான்றிதழ் தேடி அலைபவரைப் பார்த்து எந்த ஹெச்ஆரும் இரக்கப்பட மாட்டார்.

டாக்டர்களுக்குக் கூடுதலாக ஒன்று. எம்டி, எம்எஸ் முடித்ததும் அதை 'அடிஷனல் குவாலிஃபிகேஷன்' என்று நம் கவுன்சிலிலேயே பதிந்துவிடுங்கள். இங்கே எம்பிபிஎஸ் மட்டும் பதிந்திருந்தால், அடுத்த மாநிலத்துக்குப் போகும் பேப்பரிலும் நீங்கள் வெறும் எம்பிபிஎஸ்தான்.

3. யார் பதிவு கேட்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள்

எல்லை தாண்டிய எல்லா வேலைக்கும் புதுப் பதிவு தேவையில்லை. மத்திய நிறுவனங்கள் ஒரு வகை. எய்ம்ஸ் நர்சிங் ஆஃபீசர் பணிக்கான நார்செட் தேர்வில், மாநில அல்லது இந்திய நர்சிங் கவுன்சில் பதிவு தகுதியாகக் கேட்கப்படுகிறது. புதுச்சேரி ஜிப்மர், 2008 சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். இது போன்ற இடங்களின் நோட்டிஃபிகேஷனை வரி விடாமல் படித்தால், உங்கள் தமிழ்நாட்டுப் பதிவு போதுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தனியார் ஆஸ்பத்திரி வேறு வகை. அவர்கள் மாநிலச் சட்டத்தில் லைசென்ஸ் எடுத்தவர்கள். கர்நாடகத்தில் 2007-ன் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம், இங்கே 1997-ன் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். என்ஏபிஹெச் தரச்சான்று வாங்கியிருந்தால் ஒவ்வொரு நர்ஸ், டாக்டர் பதிவையும் சரிபார்த்து ஃபைலில் வைக்க வேண்டும். ஆடிட் நாளில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால், உள்ளூர் கவுன்சில் பதிவை ஹெச்ஆர் வற்புறுத்துவார். அது உங்கள் மேல் உள்ள சந்தேகம் அல்ல.

இன்டர்வியூவிலேயே கேளுங்கள்: "ஜாயினிங் அன்றே உங்கள் மாநிலப் பதிவு வேண்டுமா, விண்ணப்பித்த ரசீது போதுமா, எத்தனை மாதம் டைம் தருவீர்கள்?" இப்படிக் கேட்பவருக்கு இந்தத் தொழில் தெரியும் என்ற இம்ப்ரெஷன் அந்த நிமிடமே விழும்.

4. செலவைக் கணக்குப் போட்டுப் பிறகு சம்மதியுங்கள்

என்ஓசி கட்டணம், புதுப் பதிவுக் கட்டணம், அட்டஸ்டேஷன், கூரியர், சென்னைக்கும் அடுத்த தலைநகருக்கும் அலையும் செலவு, அந்த நாட்களில் போகும் சம்பளம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வேலையில் மாதம் 6,000 கூடுதல். ஆனால் ஹாஸ்டலும் சாப்பாடும் 3,500 கூடுதல். கையில் நிற்பது 2,500. போட்ட பணம் திரும்ப 6 மாதம் ஆகும். ஐந்தாவது மாதம் வேலையை விட்டால் நஷ்டம் உங்களுக்கு. '6,000 ஹைக்' என்று ஊரில் சொல்லிக்கொள்வதற்கு முன் இந்தத் தாளைப் பாருங்கள்.

ஒரு வருடம் தங்கும் எண்ணம் இல்லையென்றால் வேறு மாநிலப் பதிவுக்குப் பணம் போடாதீர்கள்.

5. பில்லை ஆஸ்பத்திரி பக்கம் தள்ளுங்கள்

மாநிலம் கட்டாது. எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும் என்றும் இல்லை. ஐசியு, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், என்ஐசியு அனுபவம் இருந்தால் பேசிப் பார்க்கும் பலம் உங்களுக்கு உண்டு. மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தருவது, கவுன்சிலுக்குப் போகும் நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு, பதிவு தாமதமானாலும் ஆஃபர் ரத்தாகாது என்ற உறுதி. கிடைத்ததை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்பது எந்த ஃபைலிலும் ஏறாது.

ஃப்ரெஷர் என்றால் கட்டணம் கேட்பது கடினம். அவகாசம் கேளுங்கள். அதற்கு அவர்களுக்குச் செலவில்லை.

6. ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்

பாண்டு போட்டு ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. புது மாநிலப் பதிவுக்கு ஒரிஜினலைக் காட்டச் சொல்வார்கள். அது ஹெச்ஆர் பீரோவில் இருந்தால், நீங்கள் வேறு வேலை தேடுகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வது பழைய முதலாளிதான். சரிபார்க்க ஒரிஜினல், ஃபைலுக்கு ஜெராக்ஸ். இந்த வரிசையை முதல் நாளிலேயே பணிவாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

7. படிக்கும் கல்லூரியே முதல் ஃபில்டர்

தங்கைக்கோ தம்பிக்கோ அட்மிஷன் தேடுகிறீர்களா? ஏஜென்ட் காட்டும் பளபளப்பான நோட்டீஸை ஓரமாக வையுங்கள். கல்லூரி மாநில கவுன்சிலின் பட்டியலிலும் ஐஎன்சி பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 2017-ல் கர்நாடகத்தில், கல்லூரிகளுக்கு ஐஎன்சி அங்கீகாரம் தேவையா என்ற சட்டத் தகராறு கிளம்பியபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த கேரளத்துப் பிள்ளைகள் திகைத்தார்கள். படிப்பு முடிந்த பின் சொந்த மாநிலத்தில் பதிவு கிடைக்குமா என்பதே கேள்வியாகிவிட்டது. ஃபீஸில் சில ஆயிரம் குறைகிறது என்று சேர்ந்த கல்லூரி, பிறகு எல்லையைத் தாண்ட விடாமல் பிடித்து இழுக்கலாம்.

8. எல்லையைத் தாண்டாமலே தாண்டுங்கள்

டாக்டர்களுக்கு ஒரு குறுக்குவழி சட்டத்திலேயே உண்டு. 2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகளின்படி, பதிவு பெற்ற மருத்துவர் நாட்டின் எந்தப் பகுதியில் இருக்கும் நோயாளிக்கும் ஆலோசனை தரலாம். செஞ்சி கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டே பெங்களூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரருக்கு ஃபாலோ-அப் கொடுக்க இன்னொரு மாநிலப் பதிவு வேண்டாம். பிரிஸ்கிரிப்ஷனில் பதிவு எண் இருக்க வேண்டும், நோயாளியின் ஒப்புதல் வேண்டும், ரெக்கார்டு வைத்திருக்க வேண்டும், எல்லா மருந்தும் எழுத முடியாது. இந்த விதிகளுக்குள் நின்றால் எல்லைச் செலவு பூஜ்யம்.

9. வெளிநாடு என்றால், மாநிலத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்கா போகும் நர்ஸ்கள் என்கிளெக்ஸ் லைசென்ஸ் தேர்வில் பாஸ் செய்வதிலேயே குறியாக இருக்கிறார்கள். எந்த மாநிலம் என்பதை ஏஜென்ட் முடிவு செய்கிறார். அதை அவரிடம் விடாதீர்கள். டெக்சஸும் ஃப்ளோரிடாவும் காம்பாக்ட்டில் இருக்கின்றன. அங்கே குடியேறித் தகுதிகளை நிறைவு செய்தால் மல்ட்டிஸ்டேட் லைசென்ஸ் கேட்கலாம். நியூயார்க்கில் வாங்கும் லைசென்ஸ் நியூயார்க்குக்கு மட்டும். பிறகு வேறு மாநிலத்துக்கு ஜாகை மாற்றினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். காம்பாக்ட்டுக்குள்ளேயே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தாலும், 60 நாளுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி 2024 ஜனவரி முதல் இருக்கிறது. சம்பளத் தொகையோடு இதையும் வைத்துத்தான் ஆஃபரை எடை போட வேண்டும்.

வளைகுடா என்றால் நம் கவுன்சிலின் குட் ஸ்டாண்டிங் சான்று, டேட்டாஃப்ளோ, ப்ரோமெட்ரிக் தேர்வு. ஏஜென்ட்டிடம் லட்சங்களைக் கொட்டும் முன், 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

ஒப்பந்தம் வந்தால் யாருக்கு லாபம்?

இந்தியாவில் ஒரு நாள் ஒரே பதிவில் எல்லா மாநிலத்திலும் வேலை என்பது நடைமுறைக்கு வரலாம். தேசியப் பதிவேடுகள் அந்தத் திசையில்தான் போகின்றன. அதற்கும் செலவு உண்டு. மாநில கவுன்சிலுக்கு என்ஓசி, ரெசிப்ரோகல் பதிவு வழியாக வரும் பணம் குறையும். டேட்டாபேஸை நடத்தவும், வெளி மாநிலத்தவர் மீதான புகாரை விசாரிக்கவும் பணம் வேண்டும். அதை அரசு பட்ஜெட்டில் போடலாம், அல்லது எல்லோருடைய புதுப்பித்தல் கட்டணத்திலும் ஏற்றலாம். அப்படி ஏற்றினால், ஊரை விட்டே நகராத செஞ்சி நர்ஸும், பெங்களூரு போகிறவருக்காகக் கொஞ்சம் கட்டுவார். நகரும் எண்ணம் உள்ளவருக்கு அது லாபம். நகராதவருக்கு நஷ்டம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கதவு அகலமாகத் திறந்தால் போட்டியும் அகலமாகும். நீங்கள் பெங்களூரு போவது சுலபமாகும்போது, கேரளத்து நர்ஸ் விழுப்புரத்துக்கு வருவதும் சுலபமாகும். அன்றைக்கு 'லோக்கல் பதிவு இருக்கிறது' என்பது உங்கள் பலமாக இருக்காது. பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் உயிர்காப்புப் பயிற்சி, கன்னடத்திலோ இந்தியிலோ நோயாளியிடம் நாலு வார்த்தை பேசும் தெம்பு, சிக்கலான வார்டில் தொடர்ச்சியான அனுபவம் ஆகியவைதான் பேசும்.

எனவே இந்த மாதத்துக்கு மூன்று வேலை. பதிவு எப்போது காலாவதியாகிறது என்று பார்த்து மொபைலில் ரிமைண்டர் வையுங்கள். எல்லாச் சான்றிதழிலும் பெயர், பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று அடுக்கிவைத்துப் பாருங்கள். போக நினைக்கும் மாநில கவுன்சிலின் வெப்சைட்டில், வெளி மாநிலத்தவர் பதிவுக்கு என்னென்ன கேட்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்று இன்றைய நிலவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். உங்கள் பேட்ச்மேட் அதைப் போன ஞாயிறே முடித்திருந்தால், அடுத்த வேக்கன்ஸி அவருக்குத்தான்.